ஏலமலையில் ஒரு நைஜீரியா

தந்தியைப் படித்துச் சொன்னது காசிராஜன்தான். அங்கேதான் பிடித்தது வினை. "வேலை கிடைச்சிருச்சுய்யா!" என்று முதல் வரிக்கே கத்திவிட்டான். 'விசாவும் விமான டிக்கெட்டும் பின்னால் பதிவுத் தபாலில் வரும்' என்ற இரண்டாவது வரிக்கு அவன் வந்தபோது, அவனுடைய அப்பா உக்கிரபாண்டி தொழுவத்தில் கிடாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, பொறுங்க! மகன் பிளேன் ஏறினாத்தானே கிடா வெட்டுறேன்னு நேந்துக்கிட்டீக? இன்னும் டிக்கெட்டே வரலை."

"டிக்கெட்டு இன்னைக்கு வரும், நாளைக்கு வரும். கருப்பசாமிக்கு அது தெரியாதாக்கும்? கிடா பொறுக்குமாடா? இதுக்கு மேல விட்டா முத்திரும். கறி வேகாது. சொந்தபந்தம் காறித் துப்பும்."

வருஷம் 1979. காசிராஜனுக்கு வயது இருபத்தைந்து. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு, போடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நிரந்தர எழுத்தராக இருந்தான். நிரந்தரம் என்றால் அப்படியொரு நிரந்தரம். எமன் வந்து கூப்பிட்டால்கூட ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று வருஷமாக ஏலக்காய் மூட்டைகளின் நம்பரை எழுதி எழுதி அவனுக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று தொண்டை வற்றும்வரை இங்கிலீஷ் பேச வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். போடியில் அவன் யாரிடம் பேசுவான்? ஏலக்காயிடமா? பேப்பரில் நைஜீரியாவுக்கு இங்கிலீஷ் வாத்தியார் தேவை என்ற விளம்பரம் வந்ததும் மெட்ராசுக்கு ஓடிப்போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தான்.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா என்பது அவன் போட்டிருந்த கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டியாகிவிட்டது. தேவாரத்திலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வண்டி கட்டி வந்து தின்றுவிட்டுப் போனார்கள். சங்கத்தின் செயலாளர் சின்னமுத்துவும் வந்து ஒரு கை பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் காசிராஜனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நல்லி எலும்பு பிரமாதம். ராஜினாமாக் கடுதாசி எங்க?"

"சார், டிக்கெட்டு வரட்டும்னு..."

"என்ன தம்பி வெளயாடுறியா? சாமிக்குக் கிடா விழுந்தாச்சு. ஊரு கூடித் தின்னாச்சு. இனிமே நீ இந்த நாற்காலியில உக்காந்தா சாமி குத்தம். அது எம்மேலயில்ல விழும்!"

அவருடைய மச்சினன் ரெண்டு வருஷமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அது சாமிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அன்று சாயங்காலத்துக்குள் காசிராஜனின் நாற்காலியில் மச்சினன் உட்கார்ந்து ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி ஊரில் இருக்க முடியுமா? தெருவில் இறங்கினால், "இன்னும் கெளம்பலையா?" என்று கேட்காத வாய் இல்லை. கறி தின்றவர்கள் எல்லோருக்கும் அவனைக் கேள்வி கேட்க உரிமை இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, கழுத்து நிறைய மாலையோடு அவனை ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

ஜன்னல் வழியாக அவன் தன் அம்மா ஒச்சம்மாளிடம் மட்டும் மெல்லச் சொன்னான்.

"ஆத்தா, டிக்கெட்டு இன்னும் வர..."

"வாயை மூடுய்யா! நல்ல காரியத்துக்குப் போறப்ப இல்லை, வரலைன்னு சொல்லாதே" என்று அழுதுகொண்டே அவன் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

இன்டர்வியூ நடத்திய மெட்ராஸ் அலுவலகத்தில் இருந்தவர் தலை நிமிராமலேயே, "பதினைந்து நாளாகும், ஊருக்குப் போய் இருங்கள்" என்றார். ஊருக்கா! காசிராஜன் மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கினான். மூன்றாம் நாள் காலையில் வராந்தாவில் யாரோ போடித் தமிழில் காறிப் பல் விளக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கிடா விருந்தில் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்த ஏலக்காய் வியாபாரி. அன்று ராத்திரியே மெட்ராசைக் காலி செய்தான்.

அவனுக்கு இருந்த ஒரே நண்பன் பிச்சைமணி. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். அவன் காசிராஜனை அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை அருகே ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினான். பச்சை ஏலக்காயை அனல் மூட்டிக் காயவைக்கும் ஸ்டோரில் விறகு தள்ள ஆள் தேவைப்பட்டது.

"பதினஞ்சு நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு மாப்ளே. இது கேரளா. பாக்கப்போனா இதுவும் வேற கவர்மெண்டுதானே?"

டிக்கெட்டைத் தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி மெட்ராசுக்குக் காசிராஜன் மூன்று கார்டு போட்டான். மூன்றுக்கும் பதில் வரவில்லை. மறுக்கவில்லை என்றால் சம்மதம்தானே என்று எடுத்துக்கொண்டான். பி.ஏ. படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தைரியம் வரும்.

பதினைந்து நாள் ஒரு மாதமாயிற்று. அவன் விறகு தள்ளினான். இங்கிலீஷ் மறந்துவிடக் கூடாதே என்று, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த ஏலக்காயைப் பார்த்து, "குட் மார்னிங் சில்ட்ரன்! ஓப்பன் யுவர் புக்ஸ்!" என்று பாடம் நடத்தினான். ஏலக்காய் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அங்கே காய் பொறுக்கும் மொக்கம்மாள் அதை ஒருநாள் பார்த்துவிட்டு, காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று அவன் கையில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

அப்போதுதான் பிச்சைமணி வந்து சொன்னான்.

"மாப்ளே, கடுதாசி வரலைன்னு உங்காத்தா சோறு தண்ணி எறங்காமக் கெடக்கு. என்னமாச்சும் எழுதிக் கொடு."

காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே உட்கார்ந்து எழுதினான். பொய் எழுத வராது என்பதால் பார்த்ததை எழுதினான். பிச்சைமணி வாங்கிப் படித்தான்.

"ஏன்டா, ஓயாத மழை, பனி மூட்டம், அட்டைக்கடின்னு எழுதியிருக்கியே. நைஜீரியாவுல அட்டை கடிக்குமா?"

"கடிக்காதுன்னு யாரு போய்ப் பாத்தா?"

"அதுஞ்சரி. ஆனா தபால்ல போட்டா சீல் காட்டிக் கொடுத்துருமே?"

"அங்க வாத்தியாரா இருக்குற மலையாளத்துக்காரர் ஒருத்தர் லீவுல பூப்பாறைக்கு வந்திருக்காரு, அவரு கொண்டாந்தாருன்னு கையில கொடு."

கடிதம் போனது. ஒச்சம்மாள் சோறு தின்றாள். உக்கிரபாண்டி அந்தக் கடிதத்தை டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டினார். மகன் அட்டைக்கடி படுகிறானே என்று ஒரு டப்பா சுண்ணாம்பும் கொடுத்துவிட்டார். எல்லாம் சுபம் என்று நினைத்தால், அடுத்த வாரம் பிச்சைமணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"உங்கய்யா அந்த வாத்தியாரை வீட்டுக்குக் கூட்டியாரச் சொல்றாரு. மகன் மொகத்தப் பாத்துட்டு வந்த மகராசனாம். கோழி அடிக்கப் போறாராம்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்ப நானே மலை ஏறி வர்றேங்கிறாரு."

வேறு வழி? பூப்பாறையில் டீக்கடை வைத்திருந்த தங்கப்பனைப் பிடித்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு என்றதும் அவன் நைஜீரியா என்ன, நரகத்திலிருந்து வந்ததாகக்கூடச் சொல்லத் தயாராக இருந்தான்.

"சேட்டா, 'நல்லா இருக்கான்'ங்கிற ஒரு வார்த்தைக்கு மேல பேசக் கூடாது" என்று காசிராஜன் படித்துப் படித்துச் சொன்னான்.

"ஞான் எந்தினா பேசணும்? கோழி திங்கணும், வரணும். அவ்வளவுதான்!"

முதல் சோறு இறங்கும்வரை தங்கப்பன் வாக்குத் தவறவில்லை. இரண்டாவது தடவை ஒச்சம்மாள் குழம்பு ஊற்றி, "எம்பிள்ளை இளைச்சிருச்சாய்யா?" என்று கேட்டபோது அவன் மனம் இளகிவிட்டது.

"இளைக்கவா? அம்மே, நல்ல தடி! பங்களா உண்டு, தோட்டக்காரன் உண்டு."

பிச்சைமணி பக்கத்து இலையிலிருந்து அவன் தொடையில் கிள்ளினான். அதற்குள் ஈரல் வந்துவிட்டது.

"வாத்தியாராத்தான் இருக்கானா?" என்றார் உக்கிரபாண்டி.

"வாத்தியாரோ? ஹெட்மாஸ்டராக்கியாச்சு! காசிராஜன் சார் இல்லாம ஒரு நாளும் ஸ்கூல் பெல் அடிக்காது!"

கோழி தீர்ந்தபோது காசிராஜன் நைஜீரியாவில் பாதியை ஆண்டுகொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து உக்கிரபாண்டி தோளில் துண்டு போடும் விதமே மாறிப்போயிற்று. ராஜினாமா வாங்கிய செயலாளர் சின்னமுத்துவே வலிய வந்து, "எம்மச்சினனுக்கு அங்க ஒரு பியூன் வேலை கிடைக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெண் கொடுக்க மூன்று வீட்டார் நடந்தார்கள். அதில் சின்னமனூர்ப் பெண் ஒன்று உக்கிரபாண்டிக்குப் பிடித்துப்போனது.

இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. தோட்டத்துக்குத் தபால் வரும் செவ்வாய்க்கிழமைதோறும் காசிராஜன் கேட்டருகே போய் நிற்பான். டிக்கெட் வந்தால் இத்தனை பொய்யும் ஒரே நாளில் உண்மையாகிவிடும். வராவிட்டால் போன வேலையும் இல்லை, போகிற வேலையும் இல்லை.

ஒருநாள் பிச்சைமணி ஜீப்பை நிறுத்தாமலேயே குதித்தது மாதிரி ஓடிவந்தான்.

"மாப்ளே, மோசம் போச்சு! நாளைக்கு உங்கய்யா மலை ஏறுறாரு. பொண்ணு போட்டோவை வாத்தியார் கையில கொடுத்து, அவரு வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரணுமாம். எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாரு. எஞ்ஜீப்புலதான் வர்றாரு."

"தங்கப்பனுக்கு ஏதுடா வீடு?"

"டீக்கடை பெஞ்சுதான். அதுலதான் உக்காரவைக்கணும்."

காசிராஜன் அன்றைக்கே முடிவு செய்தான். இனி விறகு தள்ளி ஆகப்போவது ஒன்றுமில்லை. மெட்ராசுக்குப் போய் அந்த அலுவலகத்து வாசலில் படுத்துவிட வேண்டியதுதான். டிக்கெட்டை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. மூன்று மாதத்தில் அவன் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அது.

காலையில் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு போடி பஸ்ஸில் ஏறினான். போடியைத் தொடாமல் மெட்ராசுக்குப் போக மலையில் வேறு வழி இல்லை. பாதி மலை இறங்கியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. கீழேயிருந்து ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறி வந்தது பிச்சைமணியின் ஜீப். முன்சீட்டில் உக்கிரபாண்டி, சலவை வேட்டியும் மடியில் ஒரு சேவலுமாக வீற்றிருந்தார். பஸ்ஸை உரசிக்கொண்டு ஜீப் போனபோது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

காசிராஜன் அப்படியே சீட்டுக்கு அடியில் சரிந்தான். சேவல் ஒருமுறை கொக்கரித்தது. ஜீப் போய்விட்டது. 'அய்யா, என்னைய மன்னிச்சிருங்க. டிக்கெட்டோட வந்து கால்ல விழுகுறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுந்தான். எழுந்த வேகத்தில் துண்டு அவிழ்ந்து விழுந்தது.

"அடே! காசிராஜனா?"

பஸ்ஸின் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தவர் சின்னச்சாமி. இருபது வருஷமாக அவர்கள் தெருவுக்குத் தபால் கொடுப்பவர். போடிமெட்டில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"நைஜீரியாவுல இருந்து எப்ப வந்தே? உங்கய்யா இப்பத்தானே மேல போறாரு?"

"நே... நேத்துத்தாண்ணே. லீவு. கொச்சி வழியா வந்தேன். அய்யாவுக்கு இன்னும் தெரியாது."

"ஹெட்மாஸ்டர்ங்கிற தோரணையே இல்லையே! எளச்சுக் கறுத்துல்ல போயிட்டே. திரும்பப் போகணுமா?"

"போகணும்ணே. மெட்ராசுல ஒரு சோலி பாக்கி. அது முடிஞ்சா அடுத்த பிளேன்தான்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக இந்த ஒரு பதிலையாவது பொய் கலக்காமல் சொன்னதில் காசிராஜனுக்கு மனசு லேசாகிவிட்டது. சின்னச்சாமி எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பெத்தா உன்னைய மாதிரிப் பெக்கணும்ப்பா. உன்னால உங்கய்யாவுக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா? போன மாசம் மெட்ராசுல இருந்து பிளேன் படம் போட்டு உம்பேருக்குப் பெரிய ரிஜிஸ்டர் தபாலு ஒண்ணு வந்துச்சு; 'எம்மகன் அங்க பங்களாவுல இருக்கான், அவனுக்கு எதுக்குடா இனிமே டிக்கெட்டு? பாவம், வேற எவனாச்சும் ஏழைப் பையனுக்குக் கொடுக்கச் சொல்லு'ன்னு சொன்னாரு பாரு, அப்படியே அதுமேல எழுதி அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டேன்!"