சொதி சிந்தாத சைக்கிள்

மலைச்சைக்கிளின் சஸ்பென்ஷனைச் சொதி ஊற்றிச் சோதித்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் பாளையங்கோட்டை இன்சூரன்ஸ் ஆபீஸ் 'சொதி' அண்ணாச்சி ஒருவர்தான். இன்னொருவரைக் காட்டினால் என் சைக்கிளை உங்களுக்கே எழுதித் தருகிறேன்.

அந்த யோசனை பிறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் மறுநாள் சொதிச் சாப்பாடு. அண்ணாச்சி தன் அம்மாவுக்கென்று தூக்குவாளியில் வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தார். சாக்கடைக்குத் தோண்டி, மூடியதாகச் சொல்லப்பட்ட ரோடு. ஒரே குலுக்கல், மூடி பறந்து, தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வெள்ளைச் சட்டையில் அபிஷேகம். மனுஷன் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"ஏலே, கம்பெனிக்காரன் நல்ல போர்க்கு, நல்ல போர்க்குன்னு சொல்லுதான். உண்மைய சொதில்லா சொல்லுது!"

போர்க்கு என்றால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள். உள்ளே குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங், எண்ணெய். மறுநாளிலிருந்து ஹாண்டில்பாரில் பழைய டியூபால் கட்டிய திறந்த கிண்ணம் நிறையச் சொதி, அடியில் வெள்ளைத் துண்டு. துண்டில் விழும் கறைதான் ஆராய்ச்சி முடிவு. டீக்கடை தாண்டினால் போதும், "அண்ணாச்சி, சொதிக்குத் தொட்டுக்க இஞ்சித் துவையல் எங்க வே?" என்று ஒரு குரல் வரும். "பின்னால வருதவன்கிட்ட இருக்கு" என்பார். பின்னால் வருகிறவன் நான்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் தேடினார்கள். வேலை சரி, குணம் சரி, அந்தச் சைக்கிள்தான் என்று பல வீடுகள் கையெடுத்துக் கும்பிட்டன. கடைசியில் சேரன்மகாதேவியில் ஒரு அறிவியல் டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணாச்சி சாயங்காலம் வரை போர்க்கைப் பற்றியே பேசியிருக்கிறார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஒரு கிண்ணம் சொதிய இங்கன வரைக்கும் கொண்டு வாங்க. பெறவு பேசுவோம்" என்றாராம்.

அண்ணாச்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த உற்சாகத்தில்தான் மறுநாள் சனிக்கிழமை ஒரு காரியம் செய்தார். போர்க்கின் எண்ணெயை வடித்துவிட்டு, நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி ஊற்றிவிட்டார். "மனுசனுக்குச் சூடு தணியுது. சைக்கிளுக்கு ஆகாதா?"

ஆகவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் ரப்பர் சீல் உப்பி, எண்ணெய் கசிந்து, புழுதி அப்பி, போர்க்கு அமுங்கியது அமுங்கியபடி நின்றுவிட்டது. சைக்கிளை நிறுத்திய ஆபீஸ் முழுக்க இட்லிப்பொடி வாசம். எறும்பு சாரை சாரையாக வந்தது. அவர் முகம் விழுந்து அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாம் போச்சுலே. அந்தப் பிள்ள முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

கோயம்புத்தூரிலிருந்து புது சீல் வரவழைத்தோம். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, அதற்குரிய எண்ணெயை ஊற்றி மாட்டினோம். ஞாயிறு காலை அம்மா வைத்த சொதியோடு கிளம்பினார், பின்னால் நானும். வழியில் மேலச்செவல் ஊர் வரை ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு கால்வாய்க் கரை மண்பாதை. ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. அண்ணாச்சி பள்ளத்தில் இறங்கி ஏறினார்.

சேரன்மகாதேவி வீட்டு வாசலில் டீச்சரின் அப்பா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "பாதியக் காணுமே?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் படியிறங்கி வந்து, ஹாண்டில்பாரை ஓர் அமுக்கு அமுக்கி விட்டார். "அமுங்குதது நல்லாத்தான் இருக்கு. திரும்பி எழும்புத வேகம்தான் கூட. அதான் தூக்கி எறியுது." குனிந்து, போர்க்கின் காலடியில் இருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பினார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"நீங்க பேசிட்டுப் போன பெறவு வாரம் பூரா போன்ல இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

உள்ளே போய் ஒரு பாத்திரத்தோடு வந்து, தங்கள் வீட்டுச் சொதியை அந்தக் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினார். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி ஊற்றுவது பெண் வீடு. அப்பா பார்த்தார், சிரித்தார், பந்தல்காரருக்குப் போன் போட உள்ளே போனார்.

தை மாதம் கல்யாணம். அதற்கு மறுவாரம் இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுக்குப் போகிறார்கள். அந்தச் செம்மண் தூளில் சீல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். நானும் போகிறேன். மாற்றுச் சீலை இப்போதே என் பையில் போட்டுவிட்டேன், அண்ணாச்சி மறந்துவிடுவார்.