இருபத்தாறில் வைக்கவும்

மதிலுக்கு மேல் ராஜியின் தலை தெரிந்தது. தலையைத் தொடர்ந்து ஒரு கையும் எழும்பி, ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கு நேரே விரிந்தபடி நின்றது. ஜான்ரோஸ் சார் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார்.

"ஏட்டி ஜாஸ்பின், இங்க வா. அவ நமக்க காத்தைத் தொட்டுப் பாக்கா பாரு."

"பாத்துட்டுப் போட்டும். காத்து என்ன, கடிக்கவா செய்யும்?" என்றாள் மனைவி.

"கடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல அவ எழும்பி ஒரு கேள்வி கேட்டான்னு வையி, எனக்க மானம் போச்சு."

விஷயம் இதுதான். ஜான்ரோஸ் சார் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவட்டாறு பக்கம் எங்கே கூட்டம் நடந்தாலும் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பேச்சு. "பணக்காரன் குளிரை உள்ளே வைத்துக்கொண்டு, சூட்டை ஏழையின் முற்றத்தில் கொட்டுகிறான்! வைத்தே தீரவேண்டும் என்றால் ஏசியை இருபத்தாறில் வையுங்கள்!" என்று மேசையைத் தட்டினால் மைக் குதிக்கும்.

அப்பேர்ப்பட்டவர்தான், மழை கொட்டியும் புழுக்கம் அடங்காத இந்தச் சித்திரையில், ஊருக்குத் தெரியாமல் ஒரு ஏசி வாங்கினார். பதினெட்டில் வைத்து, போர்த்திக்கொண்டு மத்தியானம் தூங்கினார். அவுட்டோர் வைக்கக் கிடைத்த ஒரே இடம் பக்கத்து வீட்டு ராஜியின் தகரக் கொட்டகைக்கு நேரே இருந்தது. மனச்சாட்சி கேள்வி கேட்டபோது, "நமக்க கறண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாலைக் காத்தாடியில இருந்து வாறதாக்கும்" என்று பதில் சொல்லிப் பார்த்தார். மனச்சாட்சி நம்பவில்லை.

ராஜி பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவோடு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குப் பப்படம் போட்டு விற்றுப் பிழைக்கிறவள். ஏசி வந்த மறுவாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பொட்டலம் பப்படம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். காசு நீட்டினால் வாங்கவில்லை. சிரித்தாள்.

"இது அகிம்சைப் போராட்டமாக்கும்," என்றார் சார். "நாம சூடு குடுக்கோம், அவ பப்படம் குடுக்கா. குத்திக் காட்டுகா."

"எனக்கு இது பப்படமாட்டுதான் தெரியுது," என்று ஜாஸ்பின் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

முதல் வேலையாக ரிமோட்டை எடுத்து இருபத்தாறில் வைத்தார் சார். சொல்லும் செயலும் ஒன்றாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தார். மறுநாளே மதிலுக்கு மேல் தலை.

"சாரே, காத்து முன்ன மாதிரி இல்லியே?"

"ஆமா, குறைச்சாச்சு. நல்லதுதானே?"

"ம்ம்..." என்று இழுத்துவிட்டு, முகம் வாடிப் போனாள்.

அந்த "ம்ம்" சாரை இரண்டு நாள் சோறு தின்ன விடவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக் ஷிஜினைக் கூப்பிட்டு, அவுட்டோரைக் கழற்றி வீட்டின் மறுபக்கம் மாட்டச் சொன்னார்.

"சாரே, அங்க வச்சா ஒங்க அடுக்களை ஜன்னலுக்கு நேரேயாக்கும் வரும்."

"வரட்டும். நமக்க சூடு நமக்கு."

"வீட்டுல அக்காட்ட கேட்டியளா?"

"கேக்காண்டாம். நீ மாட்டு."

அன்று ஜாஸ்பின் மீன் குழம்பு வைத்தாள். குழம்பைவிட அவள்தான் அதிகம் கொதித்தாள். "ஊருக்கெல்லாம் நியாயம் பேசுதீங்களே, எனக்க அடுக்களைக்கு ஆரு நியாயம் பேசுவா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பப்படமும் வரவில்லை.

"பாத்தியா? ஒத்துழையாமை தொடங்கியாச்சு," என்றார் சார். ஏசியை அடியோடு நிறுத்தினார். இரண்டே நாளில் அவருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஜாஸ்பினுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரே பவுடர் டப்பாவுக்கு இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அந்த நேரம் பார்த்து ராஜி வாசலில் வந்து நின்றாள்.

"சாரே, ஏசி ஓடலியே. வீட்டுல ஆருக்காவது சொகமில்லியா?"

"எல்லாருக்கும் சொகந்தான்," என்றார் சார் முதுகைச் சொறிந்தபடி.

"அப்ப சரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நாங்க பன்னெண்டு பேரும் வாறோம். ஒரு காரியம் கேக்கணும். தனியாட்டு கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு."

சார் பவுடர் டப்பாவைக் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபம் நிறைந்து வழிந்தது. வெளியே வழக்கம்போல மழை. முன்வரிசையில் பன்னிரண்டு பெண்களும் ஒரே நிறச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டு மானம் போவதைவிட, தானே சொல்லிவிடுவது மேல் என்று சார் முடிவு செய்தார். மேசையைத் தட்டவில்லை.

"அன்பானவர்களே, என் வீட்டிலும் ஏசி இருக்கிறது. பதினெட்டில் வைத்தேன். பிறகு பயந்துபோய் இருபத்தாறில் வைத்தேன். வயலில் நிற்கிறவனுக்கு நிழல் இல்லை, தகரத்துக்குக் கீழே உழைக்கிறவளுக்கு ஒரு விசிறி இல்லை. நானோ என் சூட்டை ராஜி வீட்டுப் பக்கம் கொட்டிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மன்னிச்சிருங்க. அந்த ஏசியை நாளைக்கே விக்கப்போறேன்!"

உள்ளபடியே அழுகை வந்தது. பத்து வருடம் பேசியும் கிடைக்காத கைதட்டல் அன்று கிடைத்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜாஸ்பின் மட்டும், விற்கிற பேச்சைக் கேட்டதும் முறைத்தாள்.

முன்வரிசைப் பெண்கள் கை தட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திகைத்தார்கள். ராஜி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அய்யோ சாரே, வித்துராதீங்க! வெயிலே அடிக்காத இந்த மழையில, ஒங்க ஏசிச் சூட்டுலயாக்கும் நாங்க பன்னெண்டு பேரும் பப்படம் காயப்போட்டுப் பொழச்சது; பழையபடி எங்க பக்கமே திருப்பி வையுங்க, ஆனா இந்த இருபத்தாறு மட்டும் வேண்டாம், பதினெட்டுல வச்சாத்தான் சட்டுனு காயும்!"