மழை மேஸ்திரியும் மூடாத உப்புக் குவியலும்

மழைக்கு இந்த உலகத்தில் ஜென்ம விரோதி ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மரக்காணம் உப்பளத்து மழை மேஸ்திரிதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "வருது சார், வருது" என்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறும் நேரம். மேற்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம். மேஸ்திரி இலையை விட்டு எழுந்து ஓடினார். அவர் பின்னால் உப்பளத்து ஆட்கள் பத்துப் பேர் ஓடினார்கள். பாயசத்தில் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்துப் பெண் வீட்டார் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை.

வாரிக் குவித்த உப்பில் மழை விழுந்தால் பத்து நாள் உழைப்பு தண்ணீராகிவிடும். பயம் நியாயம்தான். அதற்காகத் தினமுமா?

போன சித்திரையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர், குடும்பங்களை நடத்தியே கூட்டிப்போகும் சுற்றுலா ஆரம்பித்தார். உப்பளத்தில் தொடங்கி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை வயல், ஓடை, கடற்கரை, அதே வழியில் திரும்பல். வழிகாட்டி நம் மேஸ்திரி.

"மேஸ்திரி, மழைங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது. உப்புக் குமிய தார்ப்பாய் போட்டு மூடாதீங்க. ஜனங்க போட்டோ எடுக்கணும்" என்றார் கெஸ்ட் ஹவுஸ்காரர்.

"மூடாமலா? ஏம்பா, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒரு நாள்தான்!"

நான் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் போனேன். தினம் பார்க்கிற உப்பளத்தைப் பார்க்க எதற்கு டிக்கெட் என்று கேட்காதீர்கள். வீட்டில் சொன்னார்கள், போனேன்.

நாலு குடும்பம், ஐந்து குழந்தைகள். எல்லாரும் குவியல் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். மேஸ்திரி பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டவர் மாதிரி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வயலில், "சீக்கிரம் வாங்க, பாம்பு இருக்குது" என்றார். கூட்டம் பறந்தது. கடற்கரையில் குழந்தைகள் கால் நனைப்பதற்குள், "போதும், கடல் எங்கயும் போவாது, கெளம்புங்க" என்றார். யார் கேட்டார்கள்? சென்னைக்காரர்கள் சிப்பி பொறுக்கினார்கள்.

அவர் பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. நானும் மேற்கே பார்த்தேன். அடுப்புக் கரியாக இருட்டிக்கொண்டு வந்தது.

"மேஸ்திரி, அது..."

"சொல்லாதீங்க சார். வாக்கு குடுத்துட்டேன்."

ஓடைக்குத் திரும்பினோம். போகும்போது முழங்கால் அளவு இருந்த தண்ணீர், கடல் ஏறியதில் இடுப்புக்கு வந்திருந்தது. அக்கரையில், வயலைத் தாண்டி, குவியல் வெள்ளையாகத் தெரிந்தது. ஓடினால் பத்து நிமிஷம். இடி இடித்தது.

"மேஸ்திரி, நீங்க ஓடிப்போய் மூடுங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன். அப்பட்டமான பொய். எனக்கு நீச்சல் தெரியாது.

அவர் குவியலைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார்.

"பாப்பா, தோள்ல ஏறு."

ஐந்து குழந்தைகளுக்கும் ஐந்து நடை. மூன்றாவது நடையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் குவியல் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் பெரியவர்களைக் கைபிடித்து இறக்கினார். "அம்மா, கால தூக்கி வைக்காதீங்க, சேத்துல தேய்ச்சிக்கினே வாங்க." கடைசி ஆள் நான். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

உப்பளத்துக்கு வந்து பார்த்தால், முக்கால்வாசி கரைந்து வரப்பு வழியே ஓடிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்தவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்களாலதானே மேஸ்திரி..."

அவர் துண்டைப் பிழிந்து என் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "உப்பு திரும்ப வெளையும்மா. நீங்க அழுவாதீங்க, பாப்பா பயப்படுது."

இப்போதெல்லாம் மேற்கே லேசாகக் கறுத்தால் போதும், நான் ஆபீஸ் ஃபைலை அப்படியே மூடிவைத்துவிட்டு உப்பளத்துக்கு ஓடுகிறேன். தார்ப்பாயின் அந்த முனையைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டுமே.