பழசு எங்கே?

லாரி வைத்திருப்பவன் மெக்கானிக்கை நம்பக் கூடாது. அந்த மெக்கானிக் பெண்டாட்டியின் தம்பியாகவும் இருந்துவிட்டால் கொஞ்சம்கூட நம்பக் கூடாது. இந்தக் கொள்கையில் உறுதியாக நின்றதால் நம்ம லாரிக்காரருக்கு லோடு ஏற்றும் இடத்தில் எல்லாம் ‘சந்தேகம்’ என்றே பெயர்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். புதுசு போட்டதற்கு அதுதானே சாட்சி? தேய்ந்த பேரிங், வெடித்த ஹோஸ், பிரேக் கட்டை என்று வீட்டுக் கட்டிலுக்கடியில் மூன்று சாக்கு சாட்சிகள் கிடந்தன. வீடு பெருக்கும்போதெல்லாம் அவர் மனைவி காலை இடித்துக்கொண்டு அவருடைய வம்சத்தையே வம்புக்கு இழுப்பாள்.

ஒருநாள் லாரி பாதி வழியில் இருமி இருமி நின்றுவிட்டது. மச்சான் வந்தான், டீசல் பம்பில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினான், புஸ்ஸென்று காற்று வந்தது, முறுக்கினான். வண்டி கிளம்பிவிட்டது. பத்தே நிமிஷம்.

“எண்ணூறு குடுங்க மாமா.”

“பழசு எங்கே?”

“பழசு ஏது? டீசல் லைன்ல காத்து புகுந்திருந்துச்சு, வெளியே விட்டுட்டேன்.”

“காத்தைக் காட்டி எண்ணூறா? என் காதுல பூ சுத்துறியா?”

மச்சான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். லாரிக்காரர் எண்ணூறை விட்டெறிந்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய், பழைய சாமான் காட்டாத மெக்கானிக்குகளின் அநியாயத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு நாலு பக்க மனு எழுதிப் போட்டார். அதோடு மறந்தும் போனார்.

அரசாங்கம் மறக்கவில்லை. ஆறே மாதத்தில் ‘வாகனப் பழுதுநீக்கக் கட்டண நேர்மை உறுதிப்பாட்டு அலுவலகம்’ உதயமாயிற்று. பழைய சாமான் ஏதும் வெளியே வராத வேலை பழுதுநீக்கமாகக் கருதப்படாது; பழுது நீங்காத வண்டி பட்டறையை விட்டுப் போகக் கூடாது; வெளிவந்த சாமானின் எடையில் கிலோவுக்கு நூறு வீதம் கட்டணம்; சாமானைப் புகார்தாரரே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கண்காணிக்க ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு மதிப்பீட்டாளர், ஒரு மேஜை, ஒரு தராசு. உத்தரவைப் படித்த லாரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மனுவை ஒருத்தன் வரிக்கு வரி படித்திருக்கிறானே!

பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பல்பு மாற்றினால் ஒரு டீக்குக்கூடக் கட்டாது என்று முன்பக்க பம்பரையே கழற்றினார்கள். “வண்டில ஒண்ணுமில்லண்ணே, போயிட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒரு நல்லவர் கடையைச் சாத்திவிட்டுப் போனார். பழைய இரும்புக்கடைக்காரர் பழைய சாமான்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். துருப்பிடித்த கியர்பாக்ஸ் மூடி ஒன்று ஒரே மாதத்தில் இருபத்தேழு லாரிகளிலிருந்து கழற்றப்பட்டதாகப் பதிவேட்டில் ஏறியது.

இப்படி நேர்மை தழைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நம்ம லாரிக்காரர் தக்காளி லோடோடு வந்துகொண்டிருந்தார். நாலு மணிக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று மொத்த வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார். ஒன்றரை மணிக்கு மச்சான் பட்டறை வாசலில் வண்டி இருமி இருமி நின்றது. மச்சான் போல்ட்டைத் தளர்த்தினான், முறுக்கினான். பத்து நிமிஷம்.

மதிப்பீட்டாளர் தராசைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். “பழசு எங்கே?”

“காத்து சார்” என்றான் மச்சான்.

“சரி, வைங்க.”

“எதை?”

“காத்தை. தராசுல வைங்க.”

“அது போயிடுச்சே சார்!”

“அப்போ பழுது இன்னும் உள்ளேதான் இருக்கு. வண்டி போகாது.”

லாரிக்காரர் மேஜைக்கு முன்னால் ஓடி வந்தார். “சார், தக்காளி அழுகிடும் சார்! இவன் சரியாத்தான் பண்ணியிருக்கான், நான் சொல்றேன்!”

“மாமா, இதை எழுதித் தர்றீங்களா? சட்டம் போட்டு மாட்டிக்கிறேன்” என்றான் மச்சான்.

“விளையாடாதடா! இரும்புக்கடையில அந்த மூடியை வாங்கிட்டு வா, ஓடு!”

“அது வேற பட்டறைக்குப் போயிருக்கு. ஆறு மணிக்குத்தான் வரும்.”

மணி இரண்டரை. லாரியிலிருந்து தக்காளிச் சாறு சொட்ட ஆரம்பித்தது. மச்சான் தலையைச் சொறிந்தான். “மாமா, உள்ளே ஃபேனுக்கடியில மேலதிகாரி உட்கார்ந்து பதிவேடு பார்க்குறாரு. உங்களுக்கு வேற எது வருதோ இல்லையோ, மனு நல்லா வரும்.”

லாரிக்காரர் பானெட் மேலேயே தாளை வைத்து எழுதினார்: ‘இந்த அலுவலகம் பழுதாகிவிட்டது. உடனே சரிசெய்து தரவும்.’

மேலதிகாரி மனுவை மூன்று முறை படித்தார். “நியாயமான புகார். ஆனா பழுது நீங்கினதுக்கு இங்கேர்ந்து ஒரு பழசு வெளியே வந்தாகணும். மேஜை?”

“புதுசுங்க ஐயா” என்றார் மதிப்பீட்டாளர்.

“தராசு?”

“அதுவும் புதுசுங்க ஐயா.”

“உங்க சர்வீஸ்?”

“முப்பத்திரண்டு வருஷம்…” என்று பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேலதிகாரி பேனாவால் தராசைக் காட்டினார். மதிப்பீட்டாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, விதிமுறையை மதிக்கிறவர் ஆகையால், ஏறி நின்றார். எழுபத்திரண்டு கிலோ.

“ஏழாயிரத்து இருநூறு” என்றார் மேலதிகாரி. “புகார்தாரர் கட்டிட்டு, பழசைப் பெற்றுக்கொண்டதாக் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு இந்த வளாகத்துலேர்ந்து ஒரு பழசு வந்துடுச்சு, அதனால வண்டியும் போகலாம்.”

எண்ணூறுக்கு நாலு பக்கம் அழுதவர் மூச்சுவிடாமல் எண்ணிக் கொடுத்தார். லாரி பறந்தது. நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே தக்காளி இறங்கிவிட்டது. வியாபாரி தட்டிக்கொடுத்தார். போகும்போதும் திரும்பும்போதும் மதிப்பீட்டாளர் முன்சீட்டில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இறக்கிவிடப் பார்த்தால், “கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்று பணிவாக நினைவூட்டினார்.

வீட்டு வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“யாருங்க இவரு?”

“பழசு” என்றார் லாரிக்காரர், தரையைப் பார்த்தபடி. நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், எட்டு வருஷமாக அவளுடைய தம்பியைத் திருடன் என்று நினைத்ததையும் சேர்த்து.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கட்டிலுக்கடியில் கிடந்த சாக்குகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மதிப்பீட்டாளருக்கு ஒரு நாற்காலி போட்டு, டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

“சார், வீடு பழுதாகிட்டா மனு எழுதலாமா?”

மதிப்பீட்டாளரின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. “தாராளமா எழுதலாம்மா. வெளியே எடுக்கப் பழசு ஏதாவது இருக்கா?”

அவள் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, பேனா தேட உள்ளே போனாள்.