எங்கள் வீட்டை எந்தக் கம்பெனி கட்டுவது என்பது பற்றி அக்காவுக்கு

மரியாதைக்குரிய ஃபுசாயே அக்காவுக்கு,

தம்பி மொரிகாசு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே கவாகோயேயில் செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து சாக்கடை இளஞ்சிவப்பாக ஓடுகிறது. அங்கே அகிதாவில் இன்னும் பனி உருகிக்கொண்டிருக்கும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரி மிச்சியேயும் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். பேசாமல் இருந்ததற்குக் காரணம் வீடு. உங்களுக்கு எதுவும் தெரியாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் சிகுசாவுக்கு இலையுதிர் காலத்தில் பிரசவம். அவளும் மாப்பிள்ளை ரியோஹெய்யும் வாடகை வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பழைய வீடு ஐந்து பேரைத் தாங்காது, ரியோஹெய் தும்மினாலே நகர்த்துகதவு கழன்று விழுகிறது. அதனால் இடித்துவிட்டு, சுவரையும் தரையையும் தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துகிறார்களே, அந்த மாதிரி வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. எந்தக் கம்பெனி என்பதுதான் முடிவாகவில்லை.

மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் கண்காட்சித் திடலுக்கு நாலு பேரும் போனோம். வீட்டுக்கு வீடு நம் செருப்பைக் கழற்று, அவர்கள் செருப்பை மாட்டு, பச்சைத் தேநீர் குடி, தலையாட்டு, வெளியே வா, மறுபடி கழற்று. மதியத்துக்குள் என் இடது காலில் ஒரு கம்பெனியின் செருப்பு, வலது காலில் இன்னொரு கம்பெனியின் செருப்பு. கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. ஒன்று இரும்புச் சட்டத்தில் கட்டுவது. அதை விற்கும் ஓட்சுபோ என்ற பெண்மணி இடி இடித்தாலும் சிரிப்பார். "சுமோ வீரங்க குடும்பத்தோட வந்து ஆடினாலும் இந்தத் தரை முனகாது சார்!" என்று அவரே இரண்டு முறை குதித்தும் காட்டினார். மற்றது மரப்பலகையில் கட்டுவது. அதை விற்கும் குவாபாத்தா, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்பார். "மரம் நல்லதுதாங்க…" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

"ஆனா?" என்றேன்.

"ஆனா ஒண்ணுமில்லைங்க. என் முகமே இப்படித்தான்."

எனக்கு இரும்பு பிடித்தது, மிச்சியேவுக்கு மரம். "இரும்புக்குள்ள போய்ப் படுக்க நான் என்ன டப்பா மீனா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "மரத்துல குடியிருக்க நான் என்ன மரங்கொத்தியா?" என்று கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. மாப்பிள்ளையிடம் நியாயம் கேட்டால், "ரெண்டுமே நல்லா இருக்கு மாமா" என்கிறான். மாடிப்படி இடப்பக்கமா வலப்பக்கமா? ரெண்டுமே நல்லா இருக்கு. ஒரே பெரிய சமையலறை, ஒரே மேசை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பானையில் சாப்பிடுவது என்று நான் ஆசை ஆசையாக வைத்திருந்த திட்டத்தைச் சொன்னேன். அதற்கும் "நல்லா இருக்கு மாமா" என்றான். சிகுசா மட்டும் கூரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஓட்சுபோ எங்களை நிலநடுக்க வண்டியில் ஏற்றினார். லாரியின் முதுகில் ஒரு கூடம், நடுவில் மேசை. பெரிய பூகம்பத்தில் இரும்பு வீடு எப்படி இருக்கும் என்று ஆட்டிக் காட்டுவார்கள். சிகுசாவைக் கீழேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் ஏறினோம். ஆட ஆரம்பித்ததும், நான் ஆயுள் முழுக்க ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவன் அல்லவா, என்னை அறியாமல், "பயணிகள் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்!" என்று கத்தினேன். மேசைக் காலைக் கட்டிக்கொண்டிருந்த ரியோஹெய் அதைவிடச் சத்தமாகக் கத்தினான்.

"மாமா! எனக்குத் தனி சமையலறை வேணும் மாமா!"

"என்னது?"

"தனி! சமையலறை! நான் சமைக்கிறப்ப நீங்க பின்னாடியே வந்து நின்னு பார்க்குறீங்க! பூண்டு போட்டா 'ஹ்ம்ம்'னு சொல்றீங்க! எனக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னே மறந்துடுது மாமா!"

"எனக்கும் அப்படித்தான்!" என்று மூலையிலிருந்து மிச்சியே கத்தினாள். பல நாள் கழித்து அவள் என் காதுபடச் சொன்ன முதல் வார்த்தை அது. "கல்யாணமான நாள்லேர்ந்து!"

வண்டி நின்றது. மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்கக் குனிந்து மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டான். "பார்த்தீங்களா சார், சுவர்ல ஒரு கீறல்கூட இல்லை!" என்று சிரித்தார் ஓட்சுபோ.

அக்கா, சிரிக்காதீர்கள், எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ருசி பார்க்க ஆள் வேண்டுமே என்றுதானே நான் நின்றேன்? பேருந்து நிறுத்தம் வரை தனியாக முன்னே நடந்தேன். சிகுசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து கையைக் கோத்துக்கொண்டாள்.

"அப்பா, சமையலறைதான் ரெண்டு. வாசல் ஒண்ணுதான். கதவைத் தட்டிட்டு சாப்பிட வாங்க, அவ்வளவுதான்."

"பூண்டு போட்டா?"

"போட்டா கண்டிப்பா வாங்க. அவர் பூண்டு போட்டுப் பண்ற கியோசாக் கொழுக்கட்டையை நீங்க இன்னும் சூடா சாப்பிட்டதே இல்லை. பயந்து பயந்து ஆற வச்சிடுறார்."

இரண்டு சமையலறை என்று ஒத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது இரும்பா மரமா என்பதுதான். அதற்கும் ஒரு வழி பிறந்தது. குவாபாத்தா தன் மாதிரி வீட்டில் ஒரு நாள் வாழ்ந்து பார்க்கச் சொன்னார். போனோம். நான் நேராகக் குளியல் தொட்டிக்குள் இறங்கி, கழுத்துவரை வெந்நீரில் கண்ணை மூடிக் கிடந்தேன். கதவு திறந்தது. யாரென்றே தெரியாத ஒரு இளம் தம்பதி, கம்பெனிச் செருப்போடு, கையில் பலூனோடு! பக்கத்து மாதிரி வீடு என்று நினைத்து நுழைந்துவிட்டார்களாம். பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்தப் பையன், "மன்னிக்கணும் சார்," என்று குனிந்து கும்பிட்டுவிட்டு, "வந்தது வந்துட்டோம், தண்ணி சூடு நிக்குதா சார்?" என்றான்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க ரயில்வேக்காரனால் முடியுமா? சொன்னேன். சூடு நிற்கிறது, காலை முழுசாக நீட்டலாம், மரவாசனை மலைக்காட்டு வெந்நீர் ஊற்று மாதிரி இருக்கிறது என்றேன். "எதிரொலி அடிக்குமா?" என்று அந்தப் பெண் திரும்பாமலேயே கேட்டாள். "கதவுகள் மூடப்படுகின்றன, கவனம்!" என்று என் பழைய குரலில் அறிவித்துக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கதவை மூடினார்கள். அன்று மாலையே அவர்கள் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். குவாபாத்தா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷமா இருக்குங்க" என்று பெருமூச்சு விட்டார். ஊராரிடம் அவ்வளவு புகழ்ந்துவிட்டு நான் மட்டும் இரும்பு வீட்டில் போய்க் குளிப்பது எப்படி? மரமே என்றேன். "இதைச் சொல்ல உங்களுக்கு வெந்நீர்ல வேக வேண்டியிருக்கு" என்றாள் மிச்சியே. அதோடு பேச்சுவார்த்தை சகஜமாயிற்று.

ஆக, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மரவீடு, இரண்டு சமையலறை, ஒரு வாசல், நம் கவாகோயே மனையிலேயே. வரும் ஞாயிறு ஒப்பந்தத்தில் முத்திரை குத்தப் போகிறோம். உங்களுக்கும் கீழ்த்தளத்தில் ஓர் அறை வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கட்டாயம் வரவேண்டும். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள், வழுக்கும் பனியில் நடக்காதீர்கள். உங்கள் உடம்பு திடமாகவும் மனசு லேசாகவும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தம்பி,
மொரிகாசு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் ரியோஹெய் முகம் வெளுத்து வந்து நிற்கிறான். அவனுக்கு அலுவலகத்தில் மாற்றல், அதுவும் உங்கள் அகிதாக் கிளைக்கு. அவன் போனால் சிகுசா போவாள், சிகுசா போனால் பிரசவத்துக்கு மிச்சியே போவாள். "ஐயோ, இதை அக்காவுக்கு எப்படி எழுதுவேன்?" என்று தலையில் கைவைத்தேன். மிச்சியே முள்ளங்கி சீவிக்கொண்டே சொல்கிறாள்: "அக்காவுக்குத் தெரியுமே. மாற்றல் வரலாம்னு காதுல விழுந்த உடனே அங்க மனை பார்த்து வச்சதே அவங்கதான். வீட்டைத் தொழிற்சாலையிலதானே செய்யறாங்க, விலாசத்தை மாத்தினா லாரி அங்க போகும். போன வாரம் கம்பெனியிலேர்ந்து வந்து அந்த மனையை அளந்துட்டும் போயிட்டாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொன்னா முடிதிருத்துறவர்கிட்ட சொல்லிடுவீங்க." எந்தக் கம்பெனி என்று கேட்டால் சிரிக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரே ஒரு வரி எழுதுங்கள். அளக்க வந்தவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா?