என் துக்கத்துக்கு நானே போட்ட டீ

செத்தவனுக்கு ஒரு வசதி உண்டு. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவன் டீ போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதிகூடக் கிடைக்கவில்லை. என் சாவுக்கு வந்த சனத்துக்கு நானேதான் டீ போட்டேன். சர்க்கரை தூக்கல் என்று குறை வேறு கேட்டுக்கொண்டேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் காலமெல்லாம் செவ்வந்தி போட்டவர். அம்மா போன பிறகு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்தது. ஒருநாள் சொந்தத் தோட்டத்துக் கிணற்றடியில், வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். அன்றைக்கே திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். டாக்டர் மறதி நோய் என்றார், இனி கூடத்தான் செய்யும் என்றார்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எரிந்த காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றினால் மோட்டார் ஓடிவிடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அப்பாவையும் அப்படி ஓட வைத்துவிடலாம் என்று நம்பினேன். கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் அவருக்குப் பரீட்சை வைத்தேன். "அப்பா, நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?"

அவர் என் முகத்தை நன்றாகப் பார்ப்பார். "தெரியலையே தம்பி. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருங்க."

அதற்கு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பேச மாட்டேன். (அம்பதைத் தாண்டுன ஆளு. வெக்கமாவது மண்ணாவது!) என்னை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய ஆள் என்று நினைத்திருந்தார். சோறு ஊட்டினால் "சிரமம் குடுக்குறேன்" என்பார், கால் கழுவிவிட்டால் கும்பிடுவார். பெற்ற அப்பன் நம்மை வாங்க போங்க என்று பேசுவது இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை "ஏலே முருகேசா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

பிறகுதான் அந்த மூலை விவகாரம் ஆரம்பித்தது.

நல்ல பகல். கரண்ட் போய், ஃபேன் நின்று, தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, பீரோவுக்குப் பக்கத்து மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருப்பா அங்க?"

"எம் மகன் முருகேசன். தெரியலையா?"

அங்கே யாரும் இல்லை. எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. இருந்தாலும் கேட்டுத் தொலைத்தேன். "என்ன செய்றான்?"

"சும்மாதான் நிக்கிறான். உங்களையே பாத்துக்கிட்டு இருக்கான்." என் வழுக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார், "தல நெறைய முடி அவனுக்கு."

அன்றிலிருந்து முருகேசன் தினமும் வந்தான். அந்த மூலையைத் தாண்டும்போதெல்லாம் என் முதுகு கூசியது. பேய் பிசாசெல்லாம் கட்டுக்கதை என்று டீக்கடையில் தொண்டை வற்றப் பேசியவன் நான், பீரோவைத் திறப்பதற்குப் பயந்து, கொடியில் காய்ந்த ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஊரில் அவனவன் அடுத்தவன் ஆவிக்குப் பயப்படுகிறான். நான் என் ஆவிக்கே பயந்தேன்.

ஒருநாள் அப்பாவுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். "அவனுக்கும் ஒன்னு குடுங்க. காலையிலேர்ந்து நிக்கிறான்" என்றார். அவர் மனசுக்காக மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் மேல் ஒரு பழத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலியில் தோல் மட்டும் கிடந்தது.

"மாமாதான் தின்னுருப்பாக" என்றாள் என் மனைவி செல்வி. அப்படித்தான் இருக்கும். ஆனால் யாராவது கைபிடிக்காமல் கட்டிலை விட்டு எழுந்து நிற்க முடியாதவர் அவர். இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

அப்படியே கொஞ்ச காலம் ஓடியது. செல்வி நத்தத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அப்பா மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"இன்னைக்கு வரல" என்றார்.

"வருவாம்ப்பா."

"இல்ல தம்பி. இனி வர மாட்டான்."

நானோ, அப்பாடா ஒழிந்தான் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டு, அவரைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கப் போய்விட்டேன். அந்த இடைவெளியில் அப்பா தலையணைக்கு அடியிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்திருக்கிறார். மகன் முகமே மறந்தாலும், பூ மார்க்கெட் கமிஷன் கடைக்கு எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பது அந்த விரலுக்கு மறக்கவில்லை.

கடைக்காரர் சம்சு பாய் பின்னால் என்னிடம் சொன்னது இது: "குரல்ல ஒரு பிசிறு இல்ல தம்பி. 'பாய், நம்ம முருகேசன் தவறிட்டான். ரோசா மால ஒன்னு கட்டி வைங்க. நேத்துப் பூவை உள்ள வச்சுக் கட்டிராதீங்க'ன்னாரு. புத்தி பெசகுன மனுசன் நேத்துப் பூவப் பத்திப் பேசுவாரா? நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான்.

காலை நேரத்துப் பூ மார்க்கெட்டில் ஒரு சேதி விழுந்தால் அது எங்கள் ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பூ இறக்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் சனம். எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். போன் சார்ஜில், சத்தம் இல்லாமல் கிடந்தது. கடைப் பக்கம் ஆள் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலையாள் வேடசந்தூர் மில்லுக்கு மோட்டார் மாட்டப் போனதால் ஷட்டர் சாத்தியிருந்தது. போதாதா? நான் செத்தது உறுதியாகிவிட்டது.

செல்விக்கு மட்டும் யாரும் விஷயத்தை உடைத்துச் சொல்லவில்லை. புருஷன் போன சேதியை ஒரு பெண்ணிடம் போனில் சொல்லிவிட மாட்டார்கள், அது எங்கள் பக்கத்து வழக்கம். "மச்சானுக்கு லேசா முடியல, பதறாம கெளம்பி வா" என்றிருக்கிறார்கள். இந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது?

இது எதுவும் தெரியாமல் நான் அப்பாவைக் குளிப்பாட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். டப்பா மூடி திடீரென்று கழன்று பவுடர் மொத்தமும் என் தலையிலும் முகத்திலும் கொட்டியது. அதே நேரம் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கதவைத் திறந்தேன். ஈர லுங்கியும் வெற்று உடம்பும், தலை முதல் நெஞ்சு வரை வெள்ளை வெளேரென்று நான்.

லாரியிலிருந்து இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு வந்த அத்தை அங்கம்மாள் (அப்பாவின் தங்கை) அப்படியே நின்றார். ஒப்பாரி பாதியில் நின்றது. அவர் பாடிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்திருந்தது: "ஓடாத மோட்டாரெல்லாம் ஓட வச்ச எம் மருமகனே, நீ ஓடாமப் போனியேய்யா!" பின்னால் மாலையோடு நின்ற சம்சு பாய் "யா அல்லா" என்று இரண்டடி பின்வாங்கினார். அந்த ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூலையில் நின்றவன் போய்விட்டான், இங்கே நிற்பது யார்?

அத்தைதான் முதலில் தெளிந்தார். கிட்டே வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். கன்னத்துச் சூடு கையில் பட்டதும், "ஏலே, உசுரோட இருக்கியாடா பாவி!" என்று இன்னொன்றும் வைத்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, செத்தபோது அழுததைவிடக் கூடுதலாக அழுதார்.

விஷயத்தை விளக்கி, எல்லாரும் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வந்தவுகள உக்காரச் சொல்லுங்க தம்பி."

அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, துக்கம் வாங்கும் முறைப்படி இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சிரிப்பு அங்கேயே செத்தது.

நான் ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டேன். "அப்பா, இங்க பாருங்க. நாந்தாம்ப்பா முருகேசன். நான் சாகலப்பா."

அவர் நடுங்கிவிட்டார். "செத்த புள்ள பேரைச் சொல்லி வெளையாடாதீங்க தம்பி. உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்." நான் மேலும் வாயைத் திறக்க, அத்தை என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுடா. அண்ணன் அழுது முடிக்கட்டும். நீ உசுரோட இருக்கேங்கிறது நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

வேறு வழி இல்லை. ஆண்கள் வரிசையாக வந்து அவர் கையைத் தொட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சும்மா நிற்கப் பிடிக்காமல் நான் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன்.

"எழவு வீட்ல அடுப்பு பத்த வைக்கலாமாடா?" என்று அத்தை பாய்ந்தார்.

"செத்தவனே நாந்தான் அத்தை. எனக்கில்லாத அக்கறையா?"

சம்சு பாய் மாலையை எங்கே சாத்துவது என்று விழித்தார். எல்லாரும் பேசிவைத்த மாதிரி மூலையிலிருந்த அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அதன் மேல் மாலையைப் போட்டதும் யாருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பா மட்டும் பதறினார்.

"மால வேணாம், எடுங்க. பூக்காரன் வீட்ல பொறந்தும் அவனுக்குப் பூ வாசம் ஆகாது. தும்மித் தும்மியே மூச்சு முட்டிப்போவான். அதுக்காகத்தான் அவனைத் தோட்டத்துக்குக் கூப்பிடாம மோட்டார் வேலைக்கு விட்டேன். எம் புள்ள பூவ வெறுக்கலய்யா, அவனுக்கு ஆகல, அம்புட்டுத்தான்."

விவசாயத்துக்கு லாயக்கில்லாதவன் என்றுதான் என்னைத் துரத்தினார் என இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மாலையை எடுக்கக் குனிந்தேன். மூக்குக்குள் குறுகுறுத்தது. அடக்கிப் பார்த்தேன். வீடே அதிர ஒரு தும்மல், அதன் பின்னாலேயே இன்னொன்று.

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வந்துவிட்டது, இதோ என் பேர் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உங்களுக்கும் ஆகாதா தம்பி? எம் மகனுக்கும் இப்படித்தான்."

மாலையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் நன்றாகத் தும்மினேன். கண்ணில் வந்த தண்ணீருக்குத் தும்மல்தான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து நத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி, தலைவிரி கோலமாக ஓடிவந்த செல்வி, தன் புருஷன் தன் மாலையைத் தானே சுமந்துகொண்டு நிற்பதைக் கண்டாள். அவள் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

இதெல்லாம் நடந்து காலம் ஆகிவிட்டது. சொந்தத்தில் இன்றும் என் பேர் 'செத்தவன்'தான். அத்தை போன் போட்டால் "செத்தவன் சாப்ட்டானா?" என்றுதான் விசாரிப்பார். கல்யாண வீட்டில் என்னைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, "இவருக்கு எலை போடணுமா, படைக்கணுமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் காலைப் பரீட்சையை நிறுத்திவிட்டேன்.

அந்தத் துக்கத்தன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காருங்க."

"அவரை யாரு பாத்துக்கிறா?"

"நாந்தாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பறம் இங்க என்ன செய்றீங்க? பொழுது சாயுதுல்ல? மகனைக் காணமேன்னு தேடுவாரு. போங்க, போய்ப் பாத்துட்டு வாங்க."

நான் வாசல் வழியாக இறங்கி, தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன். அதன் பிறகு எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான். "போயி உங்க அப்பாவைப் பாத்துட்டு வாங்க" என்று செல்வியே செருப்பை எடுத்துப் போடுவாள். நேற்றும் போய்விட்டுத்தான் வந்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"பாத்தேன்."

"உங்கள அடையாளம் தெரிஞ்சுச்சா அவருக்கு?"

"தெரிஞ்சுச்சுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டாரு."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"குடுத்து வச்சவரு" என்றார்.