விரல் கங்காணி எடுத்த பெரட்டு

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் அத்தனையிலும் தேடினாலும், மெசின் வாளில் பதினைந்து வருஷம் மரம் அறுத்துவிட்டுப் பத்து விரலோடு நடமாடிய ஆசாரி எங்கள் விரல் கங்காணி ஒருவர்தான். அந்தக் காரணத்தாலேயே அவரை யாரும் நல்ல ஆசாரி என்று நம்பவில்லை. ஹட்டனில் மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் ஏழரை விரலோடு இருந்த ஒரு பெரியவர் இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொழில் இன்னும் பிடிபடல போல" என்றாராம்.

ஐம்பதுகளின் நடுவில் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஃபெக்டரி கிளாக்கர், அதாவது குமாஸ்தா. ஃபெக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தச்சுப் பட்டறை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவு முதல் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா அலமாரி வரை எல்லாம் அங்கேதான். நடுவில் ஒரு இரும்பு மேசை, அதன் நடுவே உள்ள நீள இடுக்கு வழியாக மேலே எட்டிப் பார்க்கும் வட்ட வாள். அந்த மேசைக்கு இவர்தான் ராஜா.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திக் கங்காணிமார் தலையை எண்ணி வேலைக்கு அனுப்புவார்கள். நம்மவரோ பட்டறைக்கென்று தனிப் பெரட்டு வைத்தார். எண்ணுவது தலையை அல்ல, விரலை. ஆறரைக்கு உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணுவார். சாயங்காலம் வெளியே வரும்போது மறுபடியும் எண்ணுவார்.

"காலையில கொண்டு வந்தத வீட்டுக்குக் கொண்டு போகணுமில்ல" என்பார்.

எண்ணி முடிந்ததும் சட்டம் வரும். துண்டு தொங்கக் கூடாது. சட்டைக் கை முழங்கைக்கு மேலே இருக்க வேண்டும். வாளுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. பலகையைக் கடைசி வரை கையால் தள்ளக் கூடாது. தள்ளுவதற்கு ஒரு முழக் கோல் செய்து அதற்குப் பதினோராவது விரல் என்று பெயரும் வைத்திருந்தார். "கடிச்சா இதக் கடிக்கட்டும். வேற ஒண்ணு செஞ்சிக்கலாம். மத்த பத்தையும் செய்யுற ஆசாரி நான் இல்ல."

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை இதையெல்லாம் மதிக்காதவர். ஒரு மழை நாள், கூரை ஒழுகுகிறதென்று குடையை விரித்தபடி வாளுக்கு நேர் எதிரே நின்று வேலை ஏவினார்.

"தள்ளி நில்லுங்கய்யா. அதுக்குக் கோவம் வந்தா கட்டையத் திருப்பி எறிஞ்சிரும்."

"நான் பாக்காத வாளா?" என்றார் கணக்கப்பிள்ளை.

சொல்லி வாய் மூடவில்லை. ஈரப் பலகை வாளை இறுக்கிப் பிடிக்க, ஒரு துண்டு எகிறிக் குடையைக் கிழித்துக்கொண்டு போய்த் தகரச் சுவரில் குத்தி நின்றது. விரல் கங்காணி வாளை நிறுத்தினார். நிதானமாகப் போய்க் கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்து எண்ணினார். "பத்தும் இருக்கு. கொடைதான் போச்சு." அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றே வேலை ஏவினார்.

அடுத்து வந்தவர் துரை. கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று பங்களாவுக்குப் புதுச் சாப்பாட்டு மேசை கேட்டிருந்தார். அதன் கால்கள் மேலே பருத்து, கீழே போகப் போகச் சிறுக்க வேண்டும். இந்தச் சாய்வு வெட்டு லேசுப்பட்டதல்ல. கட்டையைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆப்பு அடித்து இறுக்கி, கை வாளின் பக்கமே போகாமல் தள்ளுவதற்கு ஒரு மரச் சட்டம் வேண்டும். விரல் கங்காணி அதைத் தொட்டில் என்பார். தொட்டில் செய்ய இரண்டு நாள் கேட்டார். துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தச்சு வேலை தனக்கும் தெரியும் என்ற நினைப்பு வேறு. மத்தியானம் கழுத்தில் டையோடு வந்து, வெறுங்கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற வாளிடம் போனார்.

"கிளாக்கர் ஐயா, தொரைய நிறுத்தச் சொல்லுங்க. கழுத்துல தொங்குறது வாளுல மாட்டுனா தலையும் சேந்து போயிரும்."

என் வாயில் அது இங்கிலீஷ் ஆனபோது, 'இவ்வளவு அழகான டையில் மரத்தூள் படுவதைப் பார்க்க இவருக்கு மனசு வரவில்லை' என்று ஆகிவிட்டது. துரை லேசாகச் சிரித்தார். டையின் நுனியைச் சட்டைக்குள் செருகிவிட்டுக் கட்டையை மறுபடி தூக்கினார்.

விரல் கங்காணி சுவிட்சை அணைத்தார். வாள் சுற்றி ஓயும் வரை காத்திருந்து, மோட்டார் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

துரையின் முகம் சிவந்தது. அந்தக் காலத்தில் துரை முகம் சிவந்தால் அடுத்து வருவது பத்துச்சீட்டு. அது கைக்கு வந்தால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். இவருக்கோ மனைவியும் நாலு பெண் பிள்ளைகளும்.

"என்ன செய்கிறான் இவன்?" என்று துரை என்னை இங்கிலீஷில் கேட்டார்.

"சொல்லுங்கய்யா. பெரட்டுக்கு வராத ஆளுக்கு அன்னிக்கு வேல இல்லன்னு தொரைதான சட்டம் போட்டாங்க. இங்க என் பெரட்டு. தொரை காலையில வரலியே."

டையைப் புகழலாம், இதை எதைச் சொல்லிப் புகழ்வது? ஆனால் தோட்டத்துக்கு வரும் துரைமார் முதலில் படிப்பதே பெரட்டுத் தமிழ்தான். இவருக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அப்படியானால் டை விஷயமும் புரிந்திருக்குமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரை கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

நான் விரல் கங்காணியைத் திட்டித் தீர்த்தேன். "ஒங்களுக்கு என்ன வந்துச்சு? அவரு பாட்டுக்கு ரெண்டு வெட்டு வெட்டிட்டுப் போறாரு. பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சீங்களா?"

"தொரை கையும் கைதானங்க" என்றார். பிறகு உட்கார்ந்து தொட்டிலுக்குக் கட்டை அளக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஆறரை. நல்ல பனி. நாங்கள் கையை நீட்டி வரிசையில் நின்றோம். என் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் துரை. டை இல்லை, சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது. தன் முறை வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். துரையைத் தொட்டுப் பேசும் வழக்கம் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது. விரல் கங்காணி எங்களுக்கு எண்ணியது போலவே ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.

"பத்து. உள்ள போங்க தொரை."

பாதியில் நின்ற தொட்டிலை இருவரும் சேர்ந்தே முடித்தார்கள். பிற்பகலுக்குள் நாலு காலும் அதில் படுத்து அழகாகச் சிறுத்து வந்தன. துரை போகும்போது, நல்ல பிள்ளையாக, கேட்காமலே கையை நீட்டினார்.

சாயங்காலம் இந்தக் கூத்தை விரல் கங்காணி வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம் என்று லயத்துக்குப் போனேன். காம்பரா வாசலில் மூட்டைகள் இருந்தன. பாய், பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"நேத்து வந்த ஒடனே கட்டச் சொல்லிட்டாருங்க" என்றார் அவர் மனைவி. "சோறு கூடத் திங்கல. ராத்திரி பூரா வாசல்லயே ஒக்காந்திருந்தாரு."

விரல் கங்காணி பின்னால் வந்து நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டுதான் காலையில் பெரட்டு எடுத்திருக்கிறார். திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கிளாக்கர் என்ற கூச்சம் விடவில்லை. தரையில் உட்கார்ந்து, முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.